பள்ளி வாசலில் மரியாதை: பலகையா, கையெழுத்தா, தடைக் கடிதமா?

முதல் மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு அப்பா நேராக வகுப்பறைக்குள் நுழைந்து, பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியையிடம் சத்தம் போட்டார். அவருடைய மகள் இரண்டாவது வரிசையில் தலை நிமிராமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்பது பிறகு தெரிந்தது. கூடப் படிக்கும் ஒருவன் மகளைத் தொடர்ந்து சீண்டுகிறான் என்று மூன்று முறை டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு முறைகூடப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் பள்ளியில் கூட்டம் போட்டார்கள். பெற்றோர் பிரதிநிதியாக நானும் போயிருந்தேன். இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாசலில் விதிப்பலகை வைக்கலாம் என்றார் ஒருவர். ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார் இன்னொருவர். மீறுகிறவரை வளாகத்துக்குள் விடவே கூடாது என்று மூன்றாவது குரல். "எதற்கு இதெல்லாம், கூப்பிட்டுப் பேசினால் தீர்ந்துவிடும்" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் முடித்துவைக்கப் பார்த்தார். அன்று எதுவும் முடிவாகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாலு யோசனையும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்த்தேன்: இது இருந்திருந்தால், அந்தக் காலையில் அந்த அப்பா வகுப்பறைக்குள் நுழைந்திருப்பாரா?

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'மரியாதைக் குறைவு' என்று ஒரே மூட்டையில் மூன்று வேறு சமாச்சாரங்களைக் கட்டிவிடுகிறோம். மிரட்டுவது, கை ஓங்குவது, குடித்துவிட்டு வருவது, அடுத்தவர் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி விசாரிப்பது இவையெல்லாம் பாதுகாப்புப் பிரச்சினை. பதிவேட்டில் எழுதாமல் உள்ளே போவது, பாடம் நடக்கும்போது கதவைத் தட்டுவது, மற்ற பிள்ளைகளும் தெரியும்படி படம் எடுத்துப் பகிர்வது, கேட்டை அடைத்து வண்டியை நிறுத்துவது இவை ஒழுங்குப் பிரச்சினை. குரலை உயர்த்துவது, இரவு பதினொரு மணிக்கு ஆசிரியருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது, பெற்றோர் குழுவில் ஆசிரியர் பெயரைப் போட்டுப் பஞ்சாயத்து வைப்பது இவை பேச்சு முறை பற்றியவை. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. பலகையைப் பார்த்து யாரும் மிரட்டலை நிறுத்தப் போவதில்லை. இரவில் செய்தி அனுப்பியதற்காக ஒருவரைப் பள்ளிக்குள் வரக் கூடாது என்றும் சொல்ல முடியாது.

இவற்றில் அடுத்தவர் பிள்ளையை விசாரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பெற்றோர்கள்கூடத் தவறு என்றே நினைக்காமல் செய்வது இதைத்தான். 'என் பிள்ளையை அடித்தானே, ஏன் என்று அன்பாகத்தான் கேட்டேன்' என்பார்கள். கேட்டவருக்கு அது அன்பு. எட்டு வயதுப் பையனுக்கோ, தன்னைப் போல் இரண்டு மடங்கு உயரமான, முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து முகத்துக்கு நேராகப் பேசுகிறார். அவனுடைய அப்பா மறுநாள் வருவார். பிள்ளைகள் இடைவேளையில் சேர்ந்து விளையாட ஆரம்பித்திருப்பார்கள். பெரியவர்கள் மட்டும் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு விதிக்கு மட்டும் விலக்கே இருக்கக் கூடாது என்பேன். இன்னொரு பிள்ளையைப் பற்றிய புகார் பள்ளிக்குத்தான் போக வேண்டும், அந்தப் பிள்ளையிடம் போகக் கூடாது.

சரி, யோசனைகளுக்கு வருவோம். மூத்த ஆசிரியர் சொன்ன, பேசித் தீர்க்கும் வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிறிய பள்ளி, காலையில் தலைமையாசிரியரே வாசலில் நிற்கிறார், எல்லாப் பெற்றோரையும் முகம் தெரியும் என்றால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. கோபமாக வருகிறவரைப் பார்த்ததுமே, "வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சூடு இறங்கிவிடும். ஆனால் இது முழுக்க முழுக்க அந்த ஓர் ஆளை நம்பியே நிற்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் ஏற்பாடும் கூடவே போய்விடும்.

இதில் பெரிதாகப் பேசப்படாத ஒரு குறையும் உண்டு. எழுதாத விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வளையாது. செல்வாக்குள்ள ஒருவர் குரலை உயர்த்தினால் 'பிள்ளை மேல் அவ்வளவு அக்கறை' என்பார்கள். அதே குரலை, பள்ளிக்குப் பயந்து பயந்து வருகிற ஓர் அம்மா உயர்த்திவிட்டால் 'இவங்களுக்கெல்லாம் பேசவே தெரியாது' என்று பேர் வந்துவிடும். எழுதிவைப்பதன் முதல் பயன் ஆசிரியரைக் காப்பது என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டாவது அம்மாவையும் அதுதான் காக்கிறது.

அடுத்தது பலகை. மலிவானது, சீக்கிரம் முடியும், ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியும் கிடைக்கும். பெற்றோர் அல்லாத பார்வையாளர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. குழாய் பழுதுபார்க்க வருபவர், சான்றிதழ் வாங்க வரும் பழைய மாணவர், முதல் தடவையாகப் பிள்ளையை அழைத்துப்போக வந்திருக்கும் சித்தப்பா, இவர்களுக்கெல்லாம் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். கோபத்தோடு வருகிறவர் பலகையைப் படிப்பதில்லை. படித்தாலும் அதில் இருப்பது 'கூடாது, கூடாது, கூடாது'. ஏற்கெனவே எரிகிறதில் அது எண்ணெய்தான். நம் அப்பா அதைத் தாண்டித்தான் போயிருப்பார்.

பலகை எழுத உட்கார்ந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கை சும்மா இருக்காது. மிரட்டலில் ஆரம்பித்து, கைப்பேசிக்கு வந்து, கடைசியில் என்ன உடுத்தி வர வேண்டும் என்பதில் போய் நிற்கும். 2016-இல் இங்கிலாந்தின் டார்லிங்டனில் ஒரு தொடக்கப் பள்ளி, பிள்ளைகளை விட வரும் பெற்றோர் இரவு உடையில் வர வேண்டாம் என்று கடிதம் அனுப்பியது. 2019-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளி, பெற்றோர் எந்தெந்த உடையில், எந்தத் தலையலங்காரத்தில் வரக் கூடாது என்று பட்டியலே வெளியிட்டது. இரண்டும் செய்தியாகி ஊரெல்லாம் பேச்சாயின. ஹூஸ்டன் பட்டியல் ஏழைப் பெற்றோரையும் கறுப்பினத் தாய்மார்களையும் குறிவைக்கிறது என்று கடுமையான கண்டனம் எழுந்தது. என் கருத்து இதில் எளிது. உடையைப் பற்றிய ஒரு வரி உள்ளே வந்தால் மற்ற வரிகளை யாரும் படிக்க மாட்டார்கள். மிரட்டக் கூடாது என்ற விதியும் இரவு உடை விதியும் ஒரே தாளில் இருந்தால், இரண்டாவதைப் பார்த்துச் சிரிக்கிறவர் முதலாவதையும் சேர்த்தே சிரித்துத் தள்ளிவிடுவார்.

பலகை வேண்டுமென்றால் மூன்று வரி போதும்: அலுவலகம் எந்தப் பக்கம், பெயரை எங்கே எழுதுவது, யாரைக் கேட்பது. உண்மையில் பள்ளியின் முதல் பலகை வாட்ச்மேன்தான். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் அவரைத்தான் கேட்பார். அவர் 'யார் நீங்க, என்ன வேணும்' என்று ஆரம்பிக்கிறாரா, 'யாரைப் பார்க்கணும்மா' என்று ஆரம்பிக்கிறாரா என்பதைப் பொறுத்து மீதி எல்லாம் நடக்கிறது. பலகைக்கு ஆகும் நேரத்தில் பாதியை அவரோடு உட்கார்ந்து பேசச் செலவழித்தால் கூடுதல் பலன்.

மூன்றாவது, கையெழுத்து ஒப்பந்தம். கூட்டத்தில் அதிக ஆதரவு இதற்குத்தான் இருந்தது. இதை நாடு முழுவதும் செய்து பார்த்த அனுபவமே இருக்கிறது. இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் ஒவ்வொன்றும் பெற்றோரோடு ஓர் இல்லம்-பள்ளி ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும் என்றது. 1999 செப்டம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பள்ளி என்ன செய்யும், பெற்றோர் என்ன செய்ய வேண்டும், பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். ஆனால் போடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கையெழுத்து போட்டால்தான் சேர்க்கை என்று நிபந்தனை வைக்கவும் சட்டம் இடம் தரவில்லை. 2016 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். விரும்பும் பள்ளிகள் இன்னும் வைத்துக்கொள்கின்றன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, கையெழுத்தை வைத்து யாரையும் கட்டிப்போட முடியாது என்பதுதான். சேர்க்கை நாளில் பதினாறு தாள்களோடு பதினேழாவதாக நீட்டினால் எல்லோரும் போட்டுவிடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். வாசலில் வந்து நிற்கப்போவது கையெழுத்துப் போட்டவராகவும் இருக்க வேண்டியதில்லை. போட்டது அம்மா, சத்தம் போட வருவது மாமா.

ஆனாலும் இதை நான் தள்ளிவிடவில்லை. ஒப்பந்தத்தின் பலம் கையெழுத்தில் இல்லை, அதை எழுத உட்காரும் மேசையில் இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்து 'எங்களுக்கு என்ன வேண்டும், உங்களுக்கு என்ன வேண்டும்' என்று பேசும் ஒரே சந்தர்ப்பம் பல பள்ளிகளில் அதுவாகத்தான் இருக்கும். அதற்கான மேசை சில இடங்களில் ஏற்கெனவே போடப்பட்டும் இருக்கிறது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட பள்ளியில் பெற்றோரை வெறும் விருந்தாளியாக நினைத்து விதி எழுதுவது பொருந்தாது.

எழுதும்போது வரிசையும் முக்கியம். நான் பார்த்த வரைவுகளில் பெற்றோரின் கடமைகள் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். பள்ளியின் கடமை கடைசியில் ஒரு வரி: 'பள்ளி தன் பங்கைச் செய்யும்.' அதைத் தலைகீழாக்க வேண்டும். டைரியில் எழுதினால் எத்தனை நாளில் பதில், அவசரம் என்றால் யாருக்கு அழைப்பது, பதிலில் திருப்தி இல்லையென்றால் அடுத்து யார் என்று முதலில் பள்ளி சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பெற்றோரிடம் கேட்கலாம். கேட்கும்போதும் 'மரியாதையாக நடந்துகொள்ளவும்' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாக ஆகாது. சத்தம் போடுகிறவரும் தான் மரியாதையாகத்தான் பேசுகிறோம் என்று நம்புவார். 'பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் வர வேண்டாம்', 'பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைப் பற்றிப் பேச வேண்டாம், எங்களிடம் பேசுங்கள்' என்று கண்ணுக்குத் தெரிகிற செயலாக எழுதினால்தான் மீறினோமா இல்லையா என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். இது அந்த அப்பாவைத் தடுத்திருக்குமா? 'பதில் மூன்று நாளில்' என்ற வரி இருந்து, அதைப் பள்ளி காப்பாற்றியிருந்தால், தடுத்திருக்கும். கையெழுத்து மட்டும் இருந்திருந்தால், இல்லை.

நான்காவது, தடை. இதைப் பேசத் தயங்குகிறோம், ஆனால் சில சமயம் வேறு வழி இருக்காது. ஆசிரியரை ஒருவர் அடிக்கப் பாய்ந்த பிறகு, மறுநாள் காலை அதே ஆசிரியரை அதே வாசல் வழியாக வரச் சொல்வது பள்ளிக்கு அழகில்லை. இதற்கு எழுதப்பட்ட முறைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பெற்றோர் பள்ளிக்குள் வருவது பள்ளி தரும் அனுமதியால்தான். அதைத் தலைமையாசிரியர் கடிதம் மூலம் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகும் வந்து தொந்தரவு செய்தால் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 547-ஆம் பிரிவின்படி குற்றம், 500 பவுண்டு வரை அபராதம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022 ஜூன் 28 முதல் பள்ளிச் சமூகப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடனடி ஆணை 14 நாள் வரை நீளலாம், தொடர் ஆணை 12 மாதம் வரை.

இந்த ஏற்பாடுகளில் கவனிக்க வேண்டியது தண்டனையை அல்ல, அதைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலியை. இங்கிலாந்தின் வழிகாட்டுதல், தடையை எழுத்தில் சொல், அந்த ஆளும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடு என்கிறது. விக்டோரியா ஆணைக்குக் காலக்கெடு உண்டு, மறுஆய்வு கேட்கவும் வழி உண்டு. தடைக் கடிதத்தைப் பற்றி யோசிக்கும் எந்தப் பள்ளியும் இவற்றையெல்லாம் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை யார் அழைத்துப்போவது, மதிப்பெண் அறிக்கை எப்படிப் போய்ச் சேரும், அவசரம் என்றால் யாருக்கு ஃபோன் என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். வரக் கூடாது என்று சொல்லப்படுகிறவர் பெற்றோர்தான், பிள்ளை அல்ல. பிள்ளை மறுநாளும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, புகார் கொடுத்ததற்காக ஒருபோதும் தடை கூடாது. ஒருவர் வாரம் மூன்று கடிதம் எழுதுவது பள்ளிக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அது மிரட்டல் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட பள்ளியில், அடுத்த முறை உண்மையிலேயே ஏதாவது நடக்கும்போது பெற்றோர் வாயைத் திறக்க மாட்டார்கள். ஜப்பானில் 2000-களில் இப்படி நச்சரிக்கும் பெற்றோரைக் குறிக்க 'மான்ஸ்டர் பேரன்ட்' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. சொல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், கேள்வி கேட்கிற ஒவ்வொருவர் முதுகிலும் அதை ஒட்டிவிடுவது சுலபம். அந்த அப்பாவையும் நாங்கள் அந்தக் கூட்டத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசினோம், மூன்று டைரிக் குறிப்புகளைப் பற்றித் தெரியவரும் வரை.

எங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லாத ஐந்தாவது வழி ஒன்று உண்டு. விதியைத் தொடாமல், புகார் போகும் பாதையை மாற்றுவது. அந்த ஜப்பானிலேயே, தென்ரி என்ற நகரம் 2024-இல் பெற்றோரின் புகார்களைப் பள்ளிக்கு வெளியே ஒரு மையத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் உளவியலாளர்களும் அங்கே பேசுகிறார்கள். தென் கொரியாவில் 2023 கோடையில் ஆசிரியர்கள் வாராவாரம் பெருங்கூட்டமாகத் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆசிரியர் உரிமைகளுக்காக நான்கு சட்டங்களில் திருத்தங்கள் நிறைவேறின. பள்ளிக்கு வரும் புகார்களுக்குப் பொறுப்பு பள்ளி முதல்வர்தான் என்பது அவற்றில் ஒன்று. அதாவது தனி ஆசிரியர் ஒருவர் தன் கைப்பேசியோடு தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஒரு சாதாரணப் பள்ளிக்கு மையமெல்லாம் வேண்டாம். அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு, அதில் வந்த தேதியும் பதில் சொன்ன தேதியும். வாரத்தில் இரண்டு நாள், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து பேச ஒரு நேரம். பேசுவதற்குக் கதவுள்ள ஓர் அறை. வராந்தாவில் நின்று பேசினால் யாருக்கும் குரல் இறங்காது. சிக்கலான விஷயம் என்றால் ஆசிரியரோடு இன்னொருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த எண்ணுக்குப் பதிலாகப் பள்ளிக்கென்று ஓர் எண், மாலைக்குப் பிறகு அதில் பதில் வராது என்ற தெளிவு. செலவு பணத்தில் அதிகமில்லை. ஆசிரியரின் நேரத்தில்தான் செலவு, அது சின்னச் செலவும் இல்லை. ஏற்கெனவே மூச்சு முட்டும் வேலைக்கு நடுவே இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது ஒரு பதிவேட்டை அவர் தலையிலிருந்து இறக்கியாக வேண்டும்.

இந்த வழியும் கெட்டுப்போகக்கூடியதுதான். முன்பதிவு என்ற பெயரில் ஒரு சுவர் எழும்பிவிடும். 'செவ்வாய், வியாழன் பதினோரு மணி' என்றால், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது 'வராதீர்கள்' என்பதன் நாகரிகமான வடிவம். மாலையில் ஒரு நேரமோ ஃபோனில் பேச வழியோ இல்லாவிட்டால், மறுபடி யாராவது ஒருவர் முதல் மணி அடித்துப் பத்தாவது நிமிடம் வகுப்பறைக்குள் வந்து நிற்பார்.

ஆக, என் தேர்வு இந்த வரிசையில். முதலில் பாதை: பதில் நேரமும் பேசும் நேரமும், ஒரு பருவம் முழுக்க, எந்த விதியும் எழுதாமலே. குறிப்பேட்டில் தேதிகள் ஓரளவு ஒழுங்காக வர ஆரம்பித்ததும், பெற்றோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு பக்கத்தில் எதிர்பார்ப்புகள், பள்ளியின் வாக்கு மேலே, பெற்றோரின் வாக்கு கீழே. கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டாம்; முதல் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் போதும். வாசலில் மூன்று வரிப் பலகை. தடைக் கடிதத்தின் மாதிரி ஒன்று தயாராக இருக்கட்டும், தலைமையாசிரியரின் மேசை டிராயரில். தேவைப்படும் நாளில் கோபத்தில் உட்கார்ந்து எழுதினால் அது கடிதமாக இருக்காது, பழிவாங்கலாக இருக்கும்.

மிகச் சிறிய பள்ளி என்றால் ஒரு பக்கத் தாளைக்கூட நான் வற்புறுத்த மாட்டேன். அண்மையில் அடிதடி வரை போன பள்ளி என்றால் வரிசை மாறும்: தடை விதிமுறைதான் முதலில், மற்றது பிறகு. பயந்துபோயிருக்கும் ஆசிரியர்களிடம் போய்ப் பதில் நேரத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் காதில் விழாது.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். பலகைக்கும் பதில் நேரத்துக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். தகராறு ஓர் எண்ணில் வந்து நின்றது. பெற்றோர் தரப்பு இரண்டு வேலை நாளில் பதில் வேண்டும் என்றது, ஆசிரியர் தரப்பு ஐந்து என்றது. மூன்று என்று எழுதினோம், பென்சிலால். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேனாவால் எழுதலாம் என்று பேச்சு.